பதினாறாயிரம் கட்டங்கள்

மார்ச் 3, திங்கள்

பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. "ஆபீஸ் கதையெல்லாம் சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து எங்கிட்டச் சொல்லாதீங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. இதுல எழுதி வைங்க" என்று மகேசு எடுத்துக் கொடுத்தாள். என் மனைவி என்னிடமிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த வழி. சரி, எழுதுகிறேன்.

பீளமேட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். முதலாளி தெய்வசிகாமணி அண்ணன். படம் வரைய ஷாஜகான். மற்ற எல்லாம் நான். நான்கு வருடமாக 'மதகு' என்ற விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு ஆறு, இரண்டு பாளையம். மதகைத் திறந்தால் தண்ணீர் கட்டம் கட்டமாக ஓடி வயலுக்குப் போகும். எதிரி வந்து வாய்க்காலை அடைப்பான், நாம் ஆள் நிறுத்திக் காக்க வேண்டும். பலகையில் இந்தப் பக்கம் நூற்றிருபத்தெட்டு கட்டம், அந்தப் பக்கம் நூற்றிருபத்தெட்டு. மொத்தம் பதினாறாயிரத்துச் சொச்சம். அத்தனையையும் திரையில் வரைகிற பகுதியை ஒற்றை ஆளாக எழுதியவன் நான்.

இன்றைக்கு அந்தப் பகுதிக்கு இன்னொருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார் அண்ணன். பெயர் அம்சவேணி. திருப்பூர். வயது முப்பத்தொன்பது, என்னைவிட நான்கு கூட. எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் மறுபடி வேலைக்கு வருகிறாராம். அதற்கு முன்னால் பனியன் கம்பெனிகளுக்குத் துணி டிசைன் செய்கிற சாஃப்ட்வேர் எழுதினாராம். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. "செல்போன்ல பாப்பா விளையாடும், பாத்திருக்கறனுங்" என்கிறார்.

அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஏப்ரல் கடைசி வரைக்கும் பாப்பமுங். பலகை வரையறதுக்கு உங்க முறை சரியா வந்துச்சுன்னா வேலை நிரந்தரம். இல்லீன்னா மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் முறை சரியாக வந்தால் என் முறை எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

சிக்கல் என்ன என்று எழுதிவிடுகிறேன். பெங்களூரில் எங்கள் விளையாட்டை வெளியிட ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. அவர் சொல்லும் மலிவு போனில் நொடிக்கு முப்பது தடவையாவது திரை மாற வேண்டும். மேப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எங்களுக்கு நாற்பது வருகிறது. மொத்தப் பலகையும் தெரிகிற மாதிரி தூரத்துக்கு இழுத்தால் பதினொன்று. ஆள் நடக்க மாட்டான், விட்டு விட்டுக் குதிப்பான்.

காரணம் எனக்கே தெரியும். நான் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஆணை கொடுக்கிறேன். வயல் வரை, வயல் வரை, வாய்க்கால் வரை என்று பதினாறாயிரம் தடவை. சிப்புக்கு வரைவதில் கஷ்டமில்லை, ஆணை வாங்குவதில்தான் மூச்சு முட்டுகிறது. நான்கு வருடம் முன்பு இருபதுக்கு இருபது கட்டம் இருந்தபோது எழுதியது அது. பலகையைப் பெரிதாக்கச் சொன்னது யார்? அண்ணன்.

அம்சவேணி இரண்டு நாள் என் கோடிங்கைப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒவ்வொரு கட்டமாவா வரையறீங்க?" என்றார்.

"ஆமா மேடம். கட்ட விளையாட்டு, கட்டமாத்தான் வரையணும்."

"இல்லீங், துணியில ஒரு மீட்டருக்கு லட்சம் தையல் வருமுங். ஒவ்வொரு தையலா வரைஞ்சா எப்பங் முடியறது?"

ஷாஜகான் சிரித்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கேஸ் புக் செய்ய மறந்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அவர் யோசனை இதுதான். மொத்தப் பலகையும் ஒரே விரிப்பு. எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு குட்டிப் படமாக, கட்டத்துக்கு ஒரு புள்ளியாக, வைத்துக்கொள்வது. சிப்புக்கு ஒரே ஆணை: இந்த விரிப்பை வரை. விரிப்பின் எந்த இடத்தை வரைகிறதோ அந்த இடத்துக்கான புள்ளியைச் சிப்பே பார்த்து வயலா தண்ணீரா என்று தெரிந்துகொள்ளும். தண்ணீர் ஓடினால் குட்டிப் படத்தில் நாலு புள்ளியை மாற்றினால் போதும்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. எங்கோ படித்திருக்கிறேன். செய்யவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

நானும் சும்மா இருக்கவில்லை. பதினாறுக்குப் பதினாறு கட்டங்களைச் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டுவது என்று ஆரம்பித்திருக்கிறேன். பலகை முழுக்க அறுபத்துநாலு பொட்டலம், அறுபத்துநாலு ஆணை. பதினாறாயிரம் எங்கே, அறுபத்துநாலு எங்கே. ஒரே குறை, தண்ணீர் ஒரு கட்டத்தில் புகுந்தாலும் அந்தப் பொட்டலத்தை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும். பார்த்துக்கொள்ளலாம்.

பழைய முறையை ஒப்பிடுவதற்காகச் சோதனை போனில் ஓட்டினேன். பெங்களூர்க்காரர் சொன்ன அதே மாடல். ஆபீஸில் ஒன்றுதான் இருக்கிறது, என் மேஜை டிராயரில். முதலில் ஒன்பது வந்தது. திடுக்கிட்டேன். பிறகுதான் பார்த்தேன், ஜன்னலோரம் வெயிலில் கிடந்திருக்கிறது. போன் சூடானால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரைமணி நேரம் ஆறவிட்டு ஓட்டினேன், பழையபடி பதினொன்று.

மார்ச் 14, வெள்ளி

நாலு மணி டீக்கு ஷாஜகானை எதிர்பார்த்துக் கீழே நின்றேன். அவன் அம்சவேணியோடு ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தான். "அக்கா துணிக்கு கலர் பிரிக்கிறது எப்படின்னு சொல்லிட்டிருந்தாங்க, நேரம் போனதே தெரியல" என்றான். நான்கு வருடத்தில் என்னோடு டீ குடித்தபோது அவனுக்கு நேரம் போனது நன்றாகவே தெரிந்தது. மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அக்காவாம்.

மார்ச் 19, புதன்

இன்று மகிழ்ச்சியான நாள். அவருடைய விரிப்பில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு. மேப்பை நகர்த்தினால் பலகை முழுக்கக் கோடு மினுங்குகிறது. பக்கத்துப் படத்தின் நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த முறையில் இது வரும் என்று யாருக்கும் தெரியும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேற ஒண்ணுமில்லண்ணே, முன்னாடியே தெரிஞ்சுக்கறது நல்லதில்லையா."

அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமாங், கோடு விழுகுது" என்றார். அம்சவேணி முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கிப் போனேன். எதற்கு என்று மகேசு கேட்டாள். சும்மா என்றேன்.

மார்ச் 20, வியாழன்

கோடு போய்விட்டது. வயல், தண்ணீர் என்று ஒவ்வொரு கட்டத்துக்கான படத்தையும் சுற்றி அதே நிறத்தில் இரண்டு புள்ளி ஓரம் விட்டிருக்கிறார். "துணிக்கு மடிச்சுத் தைக்க ஓரம் விடற மாதிரிதானுங்" என்கிறார். ஒரே நாள். ஜிலேபியில் பாதி இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

"யாருங்க அந்த அம்சவேணி?" என்றாள் மகேசு.

"ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவங்க. சொன்னேனே."

"சொன்னீங்க. தினமும் சொல்றீங்க. காலையில சட்டை தேய்க்கும்போது சொல்றீங்க, சாப்பிடும்போது சொல்றீங்க. நேத்து தூக்கத்துலயும் ஏதோ விரிப்பு விரிப்புன்னீங்க."

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பாவம், தப்பாக நினைத்துவிட்டாள். நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை, எனக்கு அந்த அம்மாவைக் கண்டாலே ஆகாது என்று விளக்கினேன். 

"அதுக்கு நான் நினைச்சதே மேல்" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

என் பொட்டல முறை ஓடுகிறது. தட்டுத் தடுமாறி ஓடுகிறது. தண்ணீர் நிற்கும்போது முப்பத்தாறு. நாலு மதகையும் ஒரே சமயத்தில் திறந்தால் இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று ஊசலாடுகிறது. முப்பது வந்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்?

அவருடையது எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்காமலே ஷாஜகான் வந்து சொன்னான். நாலு மதகு திறந்தும் முப்பத்தெட்டாம்.

ஏப்ரல் 7, திங்கள்

அண்ணன் தேதி குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவு. "ரெண்டு பேரோடதையும் ஒரே போன்ல ஓட்டிப் பாத்து நம்பர் எழுதிக் குடு கண்ணா. நீதான் சீனியர், உன்ற கையிலயே இருக்கட்டும்."

என் கையிலேயே இருக்கட்டும். அண்ணன் சொன்னது இது, நானாகக் கேட்டு வாங்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சோதனை. நாலு மதகும் திறந்த மேப், பத்து நிமிடம். அதே போன், அதே மேஜை, அதே மேப். ஒரு வித்தியாசமும் வைக்கவில்லை. ஏதாவது வரிசையில் செய்துதானே ஆக வேண்டும், சீனியர் என்பதால் முதலில் என்னுடையது. முடிந்த கையோடு அவருடையது. ஆபீஸ் ஏசி மூன்று நாளாக வேலை செய்யவில்லை, மெக்கானிக் நாளை வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

என்னுடையது முப்பத்தொன்று. அவருடையது இருபத்தேழு.

ஒரு தடவையை நம்பக் கூடாது என்று ஐந்து தடவை செய்தேன். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் போனைத் தண்ணீர்ப் பானை மேல் வைத்து நன்றாக ஆறவிட்டேன். பிறகு என்னுடையது, உடனே அவருடையது. ஐந்திலும் கிட்டத்தட்ட அதே எண்தான். மூன்றாவது ஜோடியில் அவருடையதை ஓட்டும்போது சார்ஜ் இறங்கிவிட்டது, அதனால் சார்ஜரில் போட்டு ஓட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்தத் தடவை இருபத்துநாலு.

எண்களைச் சுத்தமாக அட்டவணை போட்டு அச்செடுத்தேன். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணன் அட்டவணையை மேலோட்டமாகப் பார்த்தார். "கண்ணா, உன்ற முறையே போட்டுக்கலாம்" என்றார்.

அம்சவேணி காகிதத்தைக் கேட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருந்தேன், விரலை அந்த நேரங்களின் மேல் வைத்து மேலிருந்து கீழே வந்தார். எனக்கு வேர்த்தது. ஏசி மெக்கானிக் இன்னும் வரவில்லை.

"உங்க போன்ல ஓட்டறப்ப என்ற புரோகிராம் நடக்கறதையெல்லாம் குறிச்சு ஒரு லாக் எழுதுமுங், அது இருக்குதுங்களா சார்?"

"இருக்கும். போன்லயே இருக்கும்."

"சரிங் சார்." காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.  எதிர்த்துப் பேசியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஜெயித்துவிட்டேன். மகேசுவிடம் சொன்னேன். "நல்லது. இனி அந்தம்மா பேரை எடுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி. மச்சான் வீட்டுக்குப் போனோம். ஒரு வேலையும் இல்லை. அந்த லாக்கில் என்ன எழுதுகிறார் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

முடிவு தெரிந்த பிறகும் அவர் நேரத்துக்கு வருகிறார், என் பொட்டலங்களைப் பிரித்துக் கட்டும் இடத்தில் ஒரு வேண்டாத சுற்று இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார். எடுத்துவிட்டேன். அரை எண் கூடியது. நன்றி சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

இவருக்குக் கோபமே வராதா? வந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

ஏப்ரல் 30, புதன்

அம்சவேணிக்குக் கடைசி நாள். ஷாஜகான் கேக் வாங்கி வந்தான். அண்ணன் வழக்கம்போல், "மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "இல்லீங்ணா" என்றார் அவர். என்னிடம் வந்து, "வர்றனுங் சார். பாப்பாவை இங்க பள்ளிக்கூடத்துல சேத்தலாம்னு இருந்தனுங். பரவால்ல, அங்கயே படிக்கட்டும்" என்றார்.

இதை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? குத்திக்காட்டுகிறாரா, சாதாரணமாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. கேக்கில் எனக்கு வந்த துண்டைச் சாப்பிடவில்லை. பல் வலி.

மே 8, வியாழன்

பெங்களூரிலிருந்து கடிதம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறதாம். பதினைந்தாவது நிமிடம் இருபத்துமூன்றுக்கு இறங்குகிறதாம். வீரர்கள் விட்டு விட்டு நடக்கிறார்களாம். இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு விளையாட்டைப் பார்த்துக்கொள்வார்களாம்.

ஆறிய போனில் யார் விளையாடுகிறார்கள்? எல்லாரும் சூடான போனில்தான் விளையாடுகிறார்கள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். வேறு மாதிரி யோசித்தேன்.

மே 12, திங்கள்

பொட்டலத்தைச் சின்னதாக்கினேன். பெரிதாக்கினேன். தண்ணீரை மட்டும் தனியாக வரைந்தேன். இருபத்துநாலைத் தாண்டவில்லை. அண்ணன் இரண்டு தடவை வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருக்கலாம்.

மே 14, புதன்

அவர் எழுதியது அழிக்கப்படவில்லை. எங்கள் சர்வரில் அவர் பெயரில் தனிக் கிளையாக அப்படியே இருக்கிறது. சும்மா பார்க்கத்தான் திறந்தேன்.

எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறார். நான் பதினோராயிரம் வரியில் செய்ததை அவர் எழுநூறு வரியில் செய்திருக்கிறார். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஏன் இப்படி என்று இரண்டு வரி விளக்கம். ஒரு இடத்தில், "இதைக் கண்ணன் சார் முன்பே சரியாகச் செய்திருக்கிறார், அப்படியே எடுத்துக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. என்னைப் பற்றி நல்லதாக எழுத இவர் யார்?

மத்தியானத்துக்குள் அவருடையதை மதகுக்குள் பொருத்திவிட்டேன். ஏசி சரியாகிவிட்டது, போன் ஏப்ரல் மாதிரி கொதிக்காது; இருந்தாலும் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு ஓட்டினேன். முப்பத்துநாலு. இருபது நிமிடம் கழித்தும் முப்பத்துமூன்று.

நான்கு வருடத்தில் மதகு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தண்ணீர் வழுக்கிக்கொண்டு போனது. கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, பொறாமையில். இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொள்ள மே மாதம் வரை ஆகியிருக்கிறது.

மே 16, வெள்ளி

பெங்களூர்க்காரர் சம்மதித்துவிட்டார். வீடியோ காலில், "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். அண்ணன் என்னைக் கைகாட்டினார். நான் சொன்னேன்: "ஒவ்வொரு தையலா வரையக் கூடாது, மொத்தத் துணியையும் ஒரே விரிப்பா வரையணும்." அவர் பிரமாதம், பிரமாதம் என்றார். வேறு யாருடைய கல்யாணத்திலோ மாலையை எனக்குப் போட்ட மாதிரி இருந்தது.

கால் முடிந்ததும் ஷாஜகான் என்னைப் பார்த்தான். "இது அக்கா சொன்னதுதானே?" என்றான்.

"முறை எல்லாருக்கும் பொதுதான் ஷாஜி."

"முறை பொதுதான். தையல்?"

நாலு மணிக்கு அவன் டீக்குத் தனியாகப் போனான்.

மே 19, திங்கள்

கரண்ட் பில் கட்டினேன். ஸ்கூட்டருக்குக் காற்று அடித்தேன். அண்ணன் ஊருக்குப் போயிருக்கிறார், புதன் வருவார்.

மே 21, புதன்

இன்று சொல்லிவிட்டேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாராட்டைத் தாங்க முடியவில்லை, அதுதான் காரணம். ஒவ்வொரு தடவை யாராவது பிரமாதம் என்னும்போது அது என்னைத் தாண்டித் திருப்பூருக்குப் போகிறது. நானும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதற்குத் திட்டு வாங்குவது மேல்.

அண்ணன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "அண்ணே, இப்ப ஓடுறது என்னோடது இல்ல. அம்சவேணி மேடத்தோடது."

"ம்."

"அப்ப நான் குடுத்த நம்பரும் சரியில்ல. எப்பவும் என்னோடதை ஆறின போன்ல ஓட்டினேன். அவங்களோடதை அது சூடான பிறகு ஓட்டினேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரியும் கண்ணா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். "அந்தம்மா போறதுக்கு முந்தின நாள் வந்து காட்டுனாங்க. அவங்க புரோகிராம் போன் சூட்டை நொடிக்கு நொடி எழுதி வெச்சிருந்துச்சு. ஆரம்பிக்கறப்பவே நாப்பத்திநாலு டிகிரி. அஞ்சு தடவையும். 'சண்டைக்கு வரலீங்ணா, முறை நல்ல முறைதான்னு உங்களுக்குத் தெரியோணும், அதுக்குத்தான் காட்டறேன்'னாங்க."

"தெரிஞ்சும் ஏண்ணே அவங்களை அனுப்பினீங்க?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார், அதை மறைக்கவும் இல்லை.

"நீ தாங்க மாட்டேன்னு பட்டுது கண்ணா. நாலு வருசம் எழுதுனதைத் தூக்கி வெளிய போட்டா நீ போயிருவ, இல்லாட்டி இங்கயே உக்காந்து வெந்துட்டு இருப்ப. அந்தம்மா தாங்கிக்குவாங்கன்னு தோணுச்சு. அதான்."

"நான் அவங்களோடதை எடுத்துப் போடுவேன்னும் தெரியுமா?"

"வேற வழி இல்லீன்னா போடுவேன்னு தெரியும்."

அப்படியானால் நான் அட்டவணையே போட்டிருக்க வேண்டாம். போனை ஆறவைத்திருக்க வேண்டாம், சார்ஜரில் செருகியிருக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாலே அண்ணன் அவரை அனுப்பியிருப்பார். என்னை ஜெயிக்கவைத்தது என் திருட்டுத்தனம்கூட இல்லை. என் மேல் அவர் பட்ட இரக்கம். கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தபோதுகூட யாரும் எனக்கு இரக்கம் பார்த்ததில்லை.

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்கண்ணே" என்றேன்.

"நீ கூப்பிடு" என்றார்.

மே 22, வியாழன்

கூப்பிடவில்லை. மூன்று தடவை எண்ணை எடுத்தேன். மகேசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "அந்தம்மா பொண்ணு பேரு என்ன? எந்த வகுப்பு?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எட்டு வாரம் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மே 23, வெள்ளி

காலை பதினொன்றுக்குக் கூப்பிட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங் கண்ணன் சார்."

மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் போய்விட்டது. "சோதனையில நான் ஏமாத்திட்டேன் மேடம்" என்றேன். "இப்ப உங்களோடதுதான் ஓடுது."

"தெரியுமுங். ஷாஜகான் சொன்னாப்ல. எனக்கு அன்னைக்கே காகிதத்துல நேரத்தைப் பாத்ததும் தெரிஞ்சுருச்சுங். பஸ்ஸுல போறப்ப அழுதேன். எட்டு வருசம் கழிச்சு வந்ததுல எனக்கே சந்தேகமா இருந்துச்சு, கை மறந்துருச்சோன்னு. அந்த லாக்கைப் பாத்ததுக்கப்புறம் சந்தேகம் போயிருச்சுங். அதுக்கு மேல உங்ககிட்ட என்ன கேக்கறது?"

"திரும்பி வந்துருங்க மேடம். நிரந்தரம். அண்ணன் சரின்னுட்டாரு."

"வர முடியாதுங். இங்க ஒரு கம்பெனியில டிசைன் பிரிவே குடுத்துட்டாங்க. எனக்குக் கீழ நாலு பேரு. உங்க மதகைக் காட்டித்தானுங் வாங்குனேன். ஓட்டிக் காட்டுனேன், உடனே சேந்துக்கங்கன்னுட்டாங்க."

எனக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. எட்டு வருடம் வீட்டில் இருந்தவருக்கு மூன்று வாரத்தில் நாலு பேர். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த நிமிடத்திலேயே இதைத்தான் கணக்குப் போட்டேன். இப்படிப்பட்டவன் நான்.

"நல்லதுங்க மேடம்" என்றேன். "விளையாட்டு முடியற இடத்துல செஞ்சவங்க பேரு வரும். உங்க பேரைப் போடட்டுமா?"

வேண்டாம் பரவாயில்லை என்பார், எப்போதும் அப்படித்தானே பேசுவார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"போடுங். ச. அம்சவேணின்னு இனிஷியலோட போடுங். உங்க பேருக்கு மேல போடுங்."

மிஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ அவரை அழைத்தார்கள். வைத்துவிட்டார்.

மத்தியானம் போட்டேன். 'பலகை வரைவு: ச. அம்சவேணி.' அதற்குக் கீழே என் பெயர். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. ஷாஜகான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சேமித்துப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

வயிறு எரிகிறது. அனுப்பும்போதும் எரிந்தது, இதை எழுதும்போதும் எரிகிறது. எரியட்டும், அவர் பெயர் மேலேதான் இருக்கும்.